பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசி: முதலில் மாற்ற வேண்டியது கம்ப்ரசர் அல்ல

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஏசி பட்டறைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய கம்ப்ரசரா போட்டுடலாமா?" என்பதுதான். புதுச்சேரியின் சேதராப்பட்டில் ஓடப்போகும் காருக்கு, "இப்போதைக்கு வேண்டாம்" என்பதே சரியான பதில். மயிலம் சாலையில், ஊசுட்டேரிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிக்கும் கடலுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். இங்கே வெயிலோடு ஈரமும் சேர்ந்தே வருகிறது. கூலிங் காயிலைத் தொடும் காற்று தன்னிடமுள்ள ஈரத்தையும் விட்டால்தான் குளிரும். அந்த ஆவியைத் தண்ணீராக்குவதிலேயே ஏசியின் சக்தியில் பெரும்பங்கு போய்விடுகிறது. கதவு ரப்பர் நைந்துபோன காரில், காயில் ஒரு பக்கம் ஈரத்தை இறக்க இறக்க, இடுக்குகள் வழியே மறுபக்கம் புது ஈரம் நுழைந்துகொண்டே இருக்கும். எத்தனை பெரிய கம்ப்ரசரும் அதற்கு ஈடு கொடுக்காது.

அதனால் வேலை கதவு பீடிங்கில் தொடங்க வேண்டும். பிறகு, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரத்தில் கேபிள்கள் நுழையும் ஓட்டைகள். அதன்பின், சைலன்சர் குழாய்க்கு மேலே உள்ள தரைத் தகரத்தில் வெப்பம் தடுக்கும் விரிப்பு. துணிக்கூரை வண்டியானால் கூரையின் ஓரங்களையும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குச் சில்லறை வேலைகள்தான், ஆனால் இவற்றைச் செய்யாமல் ஏசிக்குச் செலவழிக்கும் பணம் பாதி வீண்.

குளிர்நாட்டுக்காரர்கள் வடிவமைத்த கார்களில் இன்னொரு தொல்லை உண்டு: ஹீட்டர். காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட பழைய போர்ஷே 911-இல் புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்பினார்கள். அதை அடைக்கும் மடல்கள் வயதாகித் தளர்ந்துவிட்டால், ஏசி ஓடும்போதே சூடான காற்றும் காருக்குள் வரும். அதே காரில் என்ஜினும் கம்ப்ரசரும் பின்னால், கூலிங் காயில் முன்னால். நடுவே வண்டியின் நீளத்துக்கு ஹோஸ் ஓடுகிறது. கண்டன்சரில் ஒன்று என்ஜின் மூடியிலேயே இருக்கிறது. வெப்பத்தை வெளியே தள்ள வேண்டிய உறுப்பை வீட்டிலேயே சூடான இடத்தில் வைத்ததற்கு ஒப்பு இது. அதனால்தான் உலகெங்கும் 911 வைத்திருப்பவர்கள் பின்சக்கர வளைவுக்குள், தனி விசிறியோடு இன்னொரு கண்டன்சரைப் பொருத்துகிறார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவானது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரின் சேசிஸைக் குறுக்கித்தான் 1962-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டிலும் பானெட் முழுவதுமாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக்குக்கு இதைவிட வசதி வேறில்லை: ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சர் வைக்கவும், பெல்ட்டை நேர்கோட்டில் இழுக்கவும் கை தாராளமாகப் போகும். சிக்கல் என்ஜினில்தான். ஹெரால்டின் 948 சிசி என்ஜின் ஏறக்குறைய 35 குதிரைத்திறன் தரும். ஏசி கம்ப்ரசர் அதில் மூன்று, நான்கைக் கேட்கும். பெரிய கம்ப்ரசர் போட்டால் சிக்னலில் வண்டி அணைந்து அணைந்து நிற்கும். சிறிய ரோட்டரி கம்ப்ரசரும், கம்ப்ரசரின் கிளட்ச் பிடிக்கும்போது ஐடிலிங்கைச் சற்று உயர்த்தும் சாதனமும் போதும்.

மின்சாரத்திலும் இதே நெருக்கடி. அந்தக் கால டைனமோ முழு வேகத்திலேயே இருபது ஆம்பியர் சொச்சம்தான் தரும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. புளோயர், கண்டன்சர் விசிறி, கிளட்ச் மூன்றும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். ஆல்டர்னேட்டர் போடாமல் ஏசி போடக் கூடாது. அதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதன் டயோடுகள் அப்போதே எரிந்துபோகும்.

இனி காஸ். அக்காலக் கார் ஏசிகள் ஆர்-12 காஸில் ஓடின. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையால் அது உலகெங்கும் விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. அதைப் பழைய ஏசியில் அப்படியே ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸ் வழியே கசிந்துவிடும். கடும் வெயிலில் அதன் அழுத்தம் ஆர்-12-ஐவிடக் கூடுதல். பழைய மினரல் எண்ணெயோடும் அது கலக்காது. ஆகவே உள்ளே கசிவுத்தடுப்பு அடுக்குள்ள ஹோஸ், புதிய ஓ-ரிங்குகள், புதிய டிரையர், எஸ்டர் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டைக் குழாய்களுள்ள பேரலல் ஃப்ளோ கண்டன்சர் வேண்டும். இந்தக் கண்டன்சர்தான் மேம்பாட்டின் உயிர். காஸ் ஏற்றுவதற்கு முன் அரைமணி நேரமாவது வேக்குவம் போட்டு உள்ளே தங்கிய ஈரத்தை இழுத்தெடுக்க வேண்டும். ஆர்-12-க்கு மாற்று என்று சொல்லி எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவைகளும் விற்கப்படுகின்றன. கூலிங் காயில் பயணிகளின் காலடியில் இருக்கும் காரில் அவற்றை ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

எதைச் செய்தாலும் தகரத்தில் புது ஓட்டை போடாதீர்கள். கம்ப்ரசர் பிராக்கெட் என்ஜினில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளிலேயே உட்கார வேண்டும். சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டை ஊரில், அளவெடுத்து இரும்பு வெட்டித் தரும் பட்டறையைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு கடினமல்ல. கழற்றிய டைனமோவையும் ஹோஸையும் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். காரின் மூலவடிவைக் கெடுக்காமல் இருப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டு தாண்டிய காருக்கு விண்டேஜ் பதிவு கிடைக்க வேண்டுமென்றால் சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. எண்பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். ஆனால் அந்தப் பலகையோடு காரை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். தினமும் ஏசி போட்டு ஓட்ட நினைப்பவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் சரி.