பதினெட்டாவது நூல்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லித்தருகிறேன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை நினைவில் நிறுத்த ஒரு பழைய வெண்பா உண்டு. அதைப் பாராமல் ஒப்பித்த பெண் கடைசி அடியில் 'கைந்நிலையும்' என்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "'கைந்நிலைய'ன்னுதான சார் வரும்? தாத்தா அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு" என்றான்.

எது சரி? அந்த உம்மையில் ஒரு நூலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

நாற்பதில் நான்கு, ஐந்திணையில் நான்கு என்று எண்ணினால் பதினேழு வரை பெரிய தகராறு இல்லை. பதினெட்டாவதில்தான் வம்பு. உம்மை இருந்தால் கைந்நிலை ஒரு நூல்; முந்திய அடியிலுள்ள 'இன்னிலைய' காஞ்சிக்கு வெறும் அடைமொழி. உம்மை போனால் 'கைந்நிலைய' அடைமொழியாகி, இன்னிலை நூலாகிவிடும். இன்னொரு பாடத்தில் 'இன்னிலைய' என்பதே 'இன்னிலைசொல்' என்று நிற்கிறது.

அலகிட்டுப் பார்த்தேன். எல்லாமே கூவிளங்காய். தளை தட்டவில்லை, எதுகையும் கெடவில்லை. யாப்பு இருப்பதால்தான் மனப்பாடம் பிசகாது என்று நம் பண்டிதர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். யாப்பு காப்பது ஓசையைத்தான். பிழையும் அதே சீரில் வந்து உட்கார்ந்துகொண்டால் காது அதைக் கண்டுபிடிக்காது.

அந்த இடத்துக்கு நூல்களும் வந்து சேர்ந்தன. 1917இல் வ.உ.சி. இன்னிலையைத் தம் உரையோடு பதிப்பித்தார். பொய்கையார் பெயரில் 45 வெண்பாக்கள். 1931இல் இ.வை. அனந்தராமையர் கைந்நிலையை வெளியிட்டார். புல்லங்காடனார் பெயரில் 60 பாக்கள், பல சிதைந்தவை. இன்னிலை பிற்காலத்தில் கட்டியது என்று வையாபுரிப்பிள்ளை ஒதுக்கினார். எனக்கும் அதில் ஐயமில்லை. (சிறையில் செக்கிழுத்து மீண்டவர் ஓர் ஏட்டை நம்பியதில் எனக்கு அவர்மீது மதிப்பு குறையவில்லை.) பிரதிகள் முதலில், பட்டியல் பிறகு என்றுதான் நினைத்திருந்தோம். இங்கே பட்டியலில் ஒரு பெயருக்கு இடம் முதலில் இருந்தது. அதை நிரப்பப் பிரதி பிறகு தயாரானது. 'செவ்விலக்கியம்' என்று நாம் சுமக்கிற தொகுப்பின் விளிம்பை ஓர் எழுத்து நகர்த்துகிறது.

இன்றைய பாடநூல் கைந்நிலை பக்கம். பையனிடம், "தாத்தா சொன்னதும் பழைய பாடம்தாம்ப்பா, ரெண்டையும் நோட்டுல எழுதி வை" என்றேன்.

"ரெண்டும் எழுதுனா மார்க் வராதே சார்!"