மேடும் பொன்னும்

மாணவர்களே, இங்கிலாந்தில் கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றது. ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம் அமைந்துள்ள வில்ட்ஷயர் கவுண்டியில், வரலாற்றில் ஆர்வமுடைய அன்பர்கள் 1853-இல் ஒரு கழகம் நிறுவினர். டிவைசஸ் என்னும் சிறு நகரில் பொருட்காட்சிசாலை ஒன்றும் கண்டனர்.

அங்குள்ள ஒரு பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வில்லியம் கன்னிங்டன் என்ற கம்பளி வணிகர், ரிச்சர்டு கோல்ட் ஹோர் என்ற செல்வரின் பொருளுதவியால், 1808-இல் அக்கல்வட்டத்திற்கு அருகே புஷ் பாரோ என்னும் ஈமமேட்டை அகழ்ந்தார். ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முன் அடக்கம் செய்யப்பெற்ற ஒருவனின் மார்பின்மேல், சாய்சதுர வடிவப் பொற்றகடு ஒன்று கிடந்தது. பொன்னைக் கவர்ந்துகொண்டு எலும்பை எறிந்துவிடுவோர் மலிந்திருந்த காலம் அது. இவர்களோ, எப்பொருள் உடலின் எப்பக்கத்தில் இருந்தது என்பதையும் எழுதிவைத்தனர். அக்குறிப்பு இல்லையேல், அத்தகட்டைத் தட்டான் தராசில் வைத்து விலை பேசலாம், அவ்வளவே.

அத்தொகுதியைக் கழகம் 1883-இல் விலைக்கு வாங்கியது. எனினும் பாதுகாப்புக் கருதிப் பொன்னணிகள் நெடுங்காலம் வேறிடத்தில் இருந்தன. உள்ளூரார் கண்டது நகலையே. 2013-இல் புதிய கூடம் திறந்தபோதுதான் உண்மையான அணிகள் அங்கே நிலைபெற்றன. ஈமமேட்டிலிருந்து டிவைசஸ் சுமார் 25 கிலோமீட்டர். செல்வோர் மேட்டை முதலிற் பார்த்துவிட்டுப் பொன்னைக் காணட்டும் என்பேன்.