தோட்டத்து வீட்டின் மின்கணக்கு

மின்வாரியத்தின் கம்பி எட்டாத தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு, சூரிய ஒளியை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்த விரும்புகிறவர், சோலார் பேனல் எத்தனை வேண்டும், விலை என்ன ஆகும் என்று விசாரிப்பதற்கு முன்னால், தம் வீடு நாளொன்றுக்கு எத்தனை யூனிட் செலவழிக்கும் என்பதை நிர்ணயித்துக்கொள்வது அவசியம். ஒரு சாதனத்தின் வாட் அளவை அது ஓடும் மணிகளால் பெருக்கி, வரும் தொகையை ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். இப்போது குடியிருக்கும் வீட்டின் இரண்டு மாத ரீடிங்கை 60ஆல் வகுத்தும் உத்தேசமாக அறியலாம். ஆனால் எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்பதை அது சொல்லாது.

பலர் ஃப்ரிட்ஜைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அதன் மேல் ஒட்டிய நட்சத்திரச் சீட்டில் வருஷத்துக்கு 200 யூனிட் என்றிருந்தால், நாளுக்கு அரை யூனிட்டைச் சற்றே தாண்டும்; அவ்வளவுதான். உண்மையில் அதிகம் செலவழிப்பது மின்விசிறி. 75 வாட் சாதாரண விசிறிகள் மூன்று, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் 2.7 யூனிட் ஆகிறது. விளக்கு, டிவி, மிக்ஸி, கிரைண்டர், அரை மணி நேரம் ஓடும் 1 எச்.பி. மோட்டார் யாவும் ஃப்ரிட்ஜோடு சேர்ந்துங்கூட இரண்டு யூனிட்டை எட்டுவதில்லை. சித்திரை வெயிலில் குழந்தைகளையும் முதியவர்களையும் காற்றின்றி உறங்கச் சொல்வது நியாயமாகாது. ஆகையால் விசிறியைக் குறைக்க வேண்டியதில்லை, மாற்றினால் போதும். சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளைப் பொருத்தினால், அந்த 2.7 யூனிட் 1.1 ஆகச் சுருங்கி, வீட்டின் மொத்தத் தேவை நாலரையிலிருந்து மூன்றுக்குள் வந்துவிடுகிறது. பேனலுக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் விசிறிக்குச் செலவிடுவதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உஷ்ணம் உண்டாக்கும் வேலைகளை மின்சாரத்திடம் ஒப்படைக்கவே கூடாது. 2000 வாட் கெய்சர் அரை மணி நேரத்தில் ஒரு முழு யூனிட்டை விழுங்கிவிடும். வெந்நீருக்கு விறகும், சமையலுக்கு எரிவாயுவும் இருக்கட்டும்.

இனி, பருவத்தைக் கவனிக்க வேண்டும். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு ஏறக்குறைய நாலு யூனிட் தரும். இன்வெர்ட்டரிலும் பாட்டரியிலும் கம்பியிலும் விரயமாவதற்காகத் தேவையோடு கால் பங்கு கூட்டினாலும், சித்திரையில் அது தாராளமாகப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ விளைச்சல் பாதியாகவும், சில நாட்களில் அதற்கும் கீழாகவும் இறங்கும். அப்போது விசிறியின் உபயோகமும் பாதியாகக் குறைவது நம் பாக்கியம், தேவை 2.3 யூனிட், விரயத்தோடு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வருஷத்துச் சராசரியை நம்பாமல், மழைக்காலத்தையே அளவாகக் கொண்டு ஒன்றரை கிலோவாட் வைப்பது பொருத்தம்.

பாட்டரியும் அவ்வாறே. 12 வோல்ட், 150 ஏ.எச். ஈய-அமில பாட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். நீண்ட ஆயுள் வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். வெயிலற்ற இரண்டு நாட்களைச் சமாளிக்க ஆறு பாட்டரிகள் வேண்டியிருக்கும். இன்வெர்ட்டரின் அளவை மட்டும் யூனிட் கணக்கு தீர்மானிப்பதில்லை. ஒரே வேளையில் ஓடக்கூடிய சாதனங்களின் வாட்டைக் கூட்டியும், கிளம்பும் நொடியில் மோட்டார் தன் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதை நினைவில் வைத்தும் அதை வாங்க வேண்டும். மோட்டாரையும் கிரைண்டரையும் உச்சி வேளையிலேயே ஓட்டிவிட்டால் பாட்டரியின் பாரம் பெரிதும் குறையும்.

தோட்டத்தில் குடியேற எண்ணும் வாசகர்கள், பேனல் விற்பவரை அழைப்பதற்கு முன்பாகவே, வீட்டுப் பெண்மணிகளையும் உடன் வைத்துக்கொண்டு, சித்திரைக்கு ஒன்றும் ஐப்பசிக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.