மலச் சோதனையில் பழைய முறையும் புதிய முறையும்

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூருக்கு அண்மையில், அயப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அங்கேதான் அமைந்திருக்கிறது. ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவும், சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999-ஆம் ஆண்டில் இணைந்து இந்நிறுவனமாயின. ஓரூரில் நோய் பரவுமாயின், அஃது எங்கே தோன்றிற்று, எவ்வழியே பரவிற்று என்று துப்புத் துலக்கும் கலை இங்குக் கற்பிக்கப்படுகிறது. வயிற்று நோய்களைப் பொறுத்தவரை, அத்துப்பு பெரும்பாலும் நாம் பெயர் சொல்லவும் கூசும் ஒரு பொருளிலேயே கிடைக்கிறது. மலமே அப்பொருள். மருத்துவர் அதனைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை.

நுண்ணோக்கியின் வழியே மலத்தை ஆராய்வது பழைய முறை. கொக்கிப்புழு முதலிய குடற்புழுக்களைக் கண்டறிய, சல்லடையில் தேய்த்தெடுத்த சிறிதளவு மலத்தை, துளையிட்ட தகட்டினால் அளந்து, கண்ணாடிச் சில்லின்மீது இடுவர். கிளிசரினில் ஊறிய மெல்லிய தாளால் அதனை மூடி அழுத்துவர். பின்னர், புழுக்களின் முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். அளந்தெடுக்கும் மலம் ஒரு கிராமில் ஏறத்தாழ 24-இல் ஒரு பங்கேயாகும். ஆதலின், எண்ணிய தொகையை 24-ஆல் பெருக்கிக் கணக்கிடுவர். செலவு குறைந்த, எளிய முறை இது. ஆயினும், முட்டைகள் மிகச் சிலவே இருக்குமாயின், அவை எஞ்சிய 23 பங்குகளில் தங்கிவிடக் கூடுமன்றோ? மேலும், கொக்கிப்புழுவின் முட்டைகள் ஒரு மணி நேரத்திற்குள் கண்ணுக்குப் புலப்படாமல் மங்கிவிடும்.

புதிய முறையோ முட்டையைத் தேடுவதில்லை. அதனுள் அடங்கிய டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளையே தேடுகிறது. அமெரிக்க அறிஞர் காரி மல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறையில், வேண்டிய டி.என்.ஏ. துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகப் பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். தடையின்றிப் பெருகுமாயின், 30 சுற்றுகளில் ஒரு துண்டு 100 கோடியைக் கடந்துவிடும். எனவே, கண்ணுக்குத் தப்பியதும் இச்சோதனைக்கு எளிதில் தப்பாது.

இதன் பயன் தமிழ்நாட்டிலேயே காணப்பட்டது. ஊரார் அனைவருக்கும் மருந்தளித்தால் குடற்புழுக்கள் பரவுவதை அடியோடு நிறுத்த இயலுமா என்று அறிய, 2017-ஆம் ஆண்டு முதல் பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் பேராய்வு ஒன்று நடைபெற்றது. இந்தியப் பகுதியை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் சவ்வாது மலையிலும் நடத்தினர். தொடக்கத்தில் முட்டைகளை எண்ணி நோயின் அளவை அறிந்தனர். மருந்தளித்த பின்னர்ப் புழுக்கள் அருகிவிடுமாதலின், முடிவைக் கணிக்க டி.என்.ஏ. சோதனையையே கைக்கொண்டனர். ‘இவ்வூரில் புழு இல்லை’ என்று தவறாகக் கூறிவிட்டால், மருந்து நின்றுபோகும்; எஞ்சிய புழுக்கள் மீண்டும் குழந்தைகளின் குருதியை உறிஞ்சும்.

அங்ஙனமாயின், நுண்ணோக்கியை ஒதுக்கிவிடலாமா? கூடாது. டி.என்.ஏ. கிடைத்ததனாலேயே கிருமி உயிரோடிருக்கிறது என்று கூற முடியாது. இறந்த கிருமியும் அதனை விட்டுச் செல்லும். குடலில் வாழும் நுண்ணுயிர்களையெல்லாம் பட்டியலிட்டுத் தரும் சோதனைகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. நலமுள்ள குடலில் எது எவ்வளவு இருத்தல் வேண்டும் என்னும் பொது அளவுகோலோ இன்னும் வகுக்கப்படவில்லை. அளவுகோலின்றி நீண்ட பட்டியலைப் பெற்றவர் அச்சத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார்.

மற்றொரு குறை இதனினும் பெரிது. குறித்த ஒரு கிருமிக்கென அமைந்த டி.என்.ஏ. சோதனை, கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை தரும். 1992-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் வாந்திபேதி பரவியது. நோயாளிகளின் மலத்திலிருந்து கிருமியை வளர்த்தனர். வளர்ந்தது காலராக் கிருமியே. ஆனால், கொள்ளைநோய் விளைப்பதாக அதுவரை அறியப்பட்டிருந்த ஓ1 வகையைக் காட்டும் சீரத்தோடு அது திரளவில்லை. ஓ1 வகையை மட்டும் தேடும் சோதனையாயின், ‘இல்லை’ என்று கூறி நின்றிருக்கும். வளர்த்த கிருமி கையில் இருந்தமையால், ஆய்வாளர்கள் அதனை மேலும் ஆராய்ந்தனர். அதற்கு முன் அறியப்பட்ட 138 வகைகளுள் எதனோடும் அது பொருந்தவில்லை. ஆகவே, ஓ139 என்று அதற்குப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டிற்குள் அது கல்கத்தாவையும் வங்காள தேசத்தையும் எட்டியிருந்தது.