ஆஷர் மாளிகையும் எறும்புப் பூஞ்சையும்

எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய 'ஆஷர் மாளிகையின் வீழ்ச்சி' கதையில், இரட்டையரான ரோடரிக்கையும் மேடலினையும் வாட்டும் நோய் எதனால் வந்தது என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. ஆனால் மாளிகையின் வெளிச்சுவர் முழுக்கப் பூஞ்சை படர்ந்திருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. டி. கிங்ஃபிஷர் என்ற புனைபெயரில் எழுதும் அமெரிக்கர் உர்சுலா வெர்னன், அந்தப் பூஞ்சையையே காரணமாக்கி 2022-இல் 'வாட் மூவ்ஸ் தி டெட்' என்ற திகில் குறுநாவலைத் தந்தார். அதில் மாளிகையைச் சுற்றியுள்ள, பூஞ்சை பீடித்த முயல்கள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை. அசையாமல் உட்கார்ந்து வெறிக்கின்றன.

ஓர் உயிரின் உடலைப் பூஞ்சை ஆட்டிவைக்க முடியுமா? முடியும். 'ஓபியோகார்டிசெப்ஸ்' என்ற பூஞ்சை எறும்புகளிடம் அதைத்தான் செய்கிறது.

தாய்லாந்துக் காடுகளில் மர உச்சியில் வாழும் ஒரு வகைக் கட்டெறும்பின் மேல் இதன் வித்து ஒட்டி, மேலோட்டைத் துளைத்து உள்ளே போகிறது. சில நாட்களில் எறும்புக்கு வலிப்பு வந்து, மரத்திலிருந்து கீழே விழுகிறது. பிறகு தள்ளாடியபடி சிறு செடியொன்றில் ஏறி, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில், இலையின் அடிப்புற நரம்பை உச்சிவெயில் நேரத்தில் இறுகக் கடிக்கிறது. அத்தோடு சரி, தாடை திறப்பதே இல்லை. பூஞ்சை வளர ஏற்ற ஈரமும் வெப்பமும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. செத்த எறும்பின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு தண்டு முளைத்து, அடுத்த எறும்புகளுக்காகக் கீழே வித்துகளைத் தூவுகிறது.

பூஞ்சை மூளைக்குள் புகுந்துதான் ஆட்டிவைக்கிறது என்று தோன்றும். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எறும்பின் உடலை மெல்லிய அடுக்குகளாகச் சீவி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. தசைநார்களைச் சுற்றிப் பூஞ்சைச் செல்கள் வலை பின்னியிருந்தன. மூளைக்குள் ஒரு செல்கூட இல்லை. மூளையைப் பூஞ்சை வேதிப்பொருள்களால் வெளியிலிருந்தே பாதிக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு.

எறும்புக்கும் பூஞ்சைக்குமான இந்த உறவு மிகப் பழையது. ஜெர்மனியின் மெஸ்ஸல் பகுதியில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவ இலையில் இதே மாதிரியான கடித்தடங்கள் உள்ளன.

நாம் பயப்பட வேண்டுமா? தேவையில்லை. இந்தப் பூஞ்சையின் ஒவ்வோர் இனமும் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் எறும்பு இனத்துக்கே பழகியது. பக்கத்து இன எறும்பையே அதனால் இப்படி ஆட்டிவைக்க முடிவதில்லை. போதாததற்கு, நம் உடலின் 37 டிகிரி சூட்டைப் பெரும்பாலான பூஞ்சைகள் தாங்குவதில்லை. முயலையும் மனிதரையும் பூஞ்சை ஆட்டிவைப்பது நாவலாசிரியர் எடுத்துக்கொண்ட உரிமை. தசையைப் பிடித்து உடலை நடத்துவது மட்டும் கற்பனை அல்ல.