ரோலர் கோஸ்டர் ஏறப் போகிறீர்களா? முதலில் பிள்ளையின் உயரத்தை அளந்து விடுங்கள்!

பெங்களூரில் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் தமிழருக்கு விடுமுறை என்பது காசைப் போல. எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். பீனியாவில் லேத் எந்திரத்தின் முன் நிற்பவருக்கும், சிவாஜிநகரில் கணக்கு எழுதுபவருக்கும் வாரத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளில்தான் ரேஷன், துணி துவைப்பு, உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம்.

அப்படி மிச்சம் பிடித்த ஒரு நாளில், பிள்ளைகள் பல மாதமாகக் கேட்டுக் கொண்டிருந்த ரோலர் கோஸ்டரைக் காட்டக் குடும்பத்தோடு கிளம்புகிறார் தகப்பனார். முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். படிக்கட்டின் வாசலில் ஓர் அளவுகோல். ஊழியர் சின்னவனை அதன் அருகே நிறுத்திப் பார்க்கிறார். கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நிற்கிறது தலை.

“தம்பிக்கு உயரம் பற்றாது. அடுத்த வருஷம் வா!”

அக்காள் ஏறிப் போகிறாள். தம்பி அழுகிறான். அவனைச் சமாதானப்படுத்த அம்மாவும் கீழேயே நின்று விடுகிறாள். இருவருக்கும் சேர்த்து வாங்கிய டிக்கெட்டில் பாதி வீண். பொழுதுபோக்குப் பூங்காக்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. புறப்படும் முன் வீட்டிலேயே ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் இந்தக் கண்ணீர் வந்திருக்காது.

எந்தப் பூங்கா?

எந்தப் பூங்காவுக்குப் போவது என்று முடிவு செய்யும்போது, “எங்கே உயரமான கோஸ்டர் இருக்கிறது?” என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டில் மிகக் குட்டையான பிள்ளை எத்தனை சென்டிமீட்டர், கையில் எத்தனை நாள் விடுமுறை, திரும்பி வர வண்டி உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பூங்கா தானாகவே முடிவாகி விடும்.

பெங்களூரை நடுவில் வைத்து மூன்று வட்டம் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாள் வட்டம்

மைசூர் சாலையில், நகரிலிருந்து சுமார் 28 கிலோமீட்டரில் பிடதி இருக்கிறது. அங்கே 2005-ம் ஆண்டு திறக்கப்பட்டது வொண்டர்லா பூங்கா. காலையில் போய் இரவு சோற்றுக்கு வீடு திரும்பலாம்.

அங்குள்ள ‘ரீகாயில்’ என்ற ரோலர் கோஸ்டர் வேடிக்கையானது. வண்டியை முதலில் பின்னோக்கி மேட்டில் இழுத்துச் சென்று விட்டு விடுகிறார்கள். அது சீறிப் பாய்ந்து, தலைகீழாகச் சுழன்று, எதிர் மேட்டில் ஏறி நிற்கிறது. அப்பாடா என்று மூச்சு விடும் முன்பே, வந்த வழியாகப் பின்னோக்கி மறுபடியும் அத்தனை சுழற்சி!

போகும் வழியைக் கவனிக்க வேண்டும். 2023 அக்டோபரில் மெட்ரோ ரெயில் செல்லகட்டா வரை நீண்டு விட்டதால், மெட்ரோவில் அங்கே இறங்கி பஸ் பிடிக்கலாம். சொந்தமாக ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: 2023 ஆகஸ்டு முதல் பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் நடுப்பாதையில் இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் தடை. பக்கத்துச் சர்வீஸ் சாலையில்தான் போக வேண்டும்.

ஊர் வழி வட்டம்

இரண்டாவது வட்டம், பொங்கலுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் சொந்த ஊர் போகிறவர்களுக்கு. ஊருக்குப் போகிற வழியிலேயே பூங்கா இருந்தால் பயணச் செலவு தனியாக இல்லை.

விழுப்புரம், செங்கல்பட்டு, கடலூர் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை வழி. திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் அதே நிறுவனம் ஒரு பூங்காவைத் திறந்தது. அங்குள்ள ‘தஞ்சோரா’ கோஸ்டரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. இருக்கை அதிலிருந்து தொங்குகிறது. கால்கள் அந்தரத்தில் ஆடும். பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

கோவை பக்கத்துக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில், நீலகிரி மலையடிவாரத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது. அது முக்கியமாகத் தண்ணீர் விளையாட்டுக்கான இடம். கோஸ்டருக்கு உயரம் பற்றாத பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதுவே மேல்.

மூன்று நாள் வட்டம்

மூன்றாவது வட்டம் தூரமானது. கொச்சிப் பூங்கா 2000-ம் ஆண்டு ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் தொடங்கியது. ஐதராபாத் பூங்கா 2016-ல் வந்தது. பெங்களூரிலிருந்து இரண்டுமே 500 கிலோமீட்டருக்குக் குறையாது. போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. பம்பாய்-புனே வழியில் கோபோலி அருகே 2013-ல் திறக்கப்பட்ட இமேஜிக்காவில் ‘நைட்ரோ’ என்ற பெரிய கோஸ்டர் உண்டு. பெயருக்காக அத்தனை தூரம் போவதை விட, அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக் கல்யாணம் வரும்போது சேர்த்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எஞ்சின் இல்லாத ரெயில்

பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வண்டியின் சூட்சுமம் சுலபமாகப் புரியும். ரோலர் கோஸ்டர் வண்டியில் பெரும்பாலும் எஞ்சினே கிடையாது! ஒரு சங்கிலி அதை உச்சி வரை இழுத்து விடுகிறது. பிறகு எல்லாம் பூமியின் ஈர்ப்பு விசைதான். அதனால்தான் முதல் மேடு மற்ற மேடுகளை விட உயரமாக இருக்கிறது.

தலைகீழாகும்போது ஏன் விழுவதில்லை? இக்கால வண்டிகளுக்குச் சக்கரங்கள் மூன்று விதம். ஒன்று தண்டவாளத்தின் மேலே ஓடும். ஒன்று பக்கவாட்டில் பிடிக்கும். மூன்றாவது தண்டவாளத்தின் அடியில் உருளும். மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விக் கொள்கின்றன.

இந்த விளையாட்டு புதியது அல்ல. 1884-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கோனி தீவில் தாம்சன் என்பவர் இதை ஓட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர். நம் ஊர் சைக்கிளை விட மெதுவு! இந்தியாவில் 1984-ல் டில்லியில் ‘அப்பு கர்’ திறக்கப்பட்டபோதுதான் பொழுதுபோக்குப் பூங்கா மோகம் தொடங்கியது. அந்தப் பூங்கா 2008-ல் மூடப்பட்டது.

உயிரோடு விளையாடலாமா?

சக்கரம் கவ்வினாலும், மனிதனைப் பிடித்திருப்பது இருக்கையின் கம்பியும் பெல்ட்டும்தான். 2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து உயிர்கள் போயின. 2025 ஏப்ரலில் டில்லியில் ஒரு பூங்காவின் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் இறந்தார்.

பயந்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதல்ல. உட்கார்ந்ததும் கம்பியை இரண்டு கையாலும் மேலே தள்ளிப் பாருங்கள். தூக்கினால் வரக் கூடாது. பெல்ட் தளர்வாக இருந்தால் வண்டி நகரும் முன் சத்தம் போட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். அவர் சரி செய்யாவிட்டால் இறங்கி விடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இருதய நோய், ரத்தக் கொதிப்பு, கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக் கூடாது. பகல் முழுவதும் பாரம் தூக்கி முதுகு பிடித்துக் கொண்டவர்களுக்கும் இது பொருந்தும்.

உயரக் கோடு இதற்காகவே போடப்பட்டது. தோளையும் மடியையும் பிடிக்கும் கம்பி, குறிப்பிட்ட உயரம் உள்ளவருக்கே சரியாகப் பொருந்தும். சின்ன உடம்பு அதன் அடியில் நழுவி விடும். “நாலு விரற்கடைதானே, விட்டு விடுங்கள் சார்” என்று ஊழியரிடம் கெஞ்சுவது பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்துக் கெஞ்சுவது. மறுத்து அனுப்பும் ஊழியருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பையில் எவ்வளவு?

டிக்கெட் விலையும் பல இடங்களில் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துத்தான். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகி விடும். சனி, ஞாயிறை விட வார நாளில் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. ஷிப்டு வேலைக்காரர்களுக்கு வார நாளில் ஓய்வு வந்தால் அதுவே நல்ல நாள். மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று முன்பே கேட்டு, அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

பெரிய பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. கட்டிய புளியோதரை வாசலில் வீணாகாமல் இருக்க, காலையிலேயே வயிறாரச் சாப்பிட்டுப் போவது நல்லது. ஆனால் சாப்பிட்ட உடனே கோஸ்டர் ஏற வேண்டாம். தண்ணீர் விளையாட்டில் பருத்திப் புடவை, வேட்டியோடு இறங்க முடியாது. நைலான் உடை கேட்பார்கள். வீட்டில் இருந்தால் எடுத்துப் போனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

கதவு நிலையில் ஒரு கோடு

ஆகவே, இன்று மாலையே பிள்ளைகளைச் செருப்பு இல்லாமல் கதவு நிலையில் நிறுத்துங்கள். பென்சிலால் ஒரு கோடு போட்டு, டேப் வைத்து அளந்து எழுதிக் கொள்ளுங்கள். பிறகு பூங்காவுக்குப் போன் செய்து, எந்த விளையாட்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். சின்னவனுக்கு உயரம் போதாது என்றால் அதை அவனிடம் புறப்படும் முன்பே சொல்லி விடுங்கள். அவனுக்கென்று உள்ள ராட்டினத்தின் பெயரையும் சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் அந்தக் கோட்டை அவன் தாண்டியிருப்பான். அன்றைக்கு அவனே உங்களை இழுத்துக் கொண்டு போவான்!