கேஸ் கசிந்தால்: ஆபத்தும் உங்கள் உரிமையும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் அக்ரஹார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஓர் அடுக்களையில் கேஸ் கசிந்தால் பக்கத்து வீட்டுக்கும் அதே ஆபத்து.

சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்ததும் தரையோடு பரவும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தால் பற்றும். 9 சதவீதத்துக்கு மேல் போனால் பற்றாது. அதனால்தான் முதலில் பற்றாமல் இருந்த இடம் சற்று நேரத்தில் பற்றக்கூடியதாகிறது. கேஸின் மூலக்கூறுகள் யாரும் கலக்காமலே காற்றுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்த வேலை வெகு சீக்கிரம் முடிந்துவிடும். சுவிட்சிலிருந்து தீப்பொறியும் கிளம்பும்.

கேஸ் பற்றிக்கொண்டால், அசையாத கலவையில் தீ நொடிக்கு 40 செ.மீ. அளவில்தான் முன்னேறும். அலமாரி, வாசல், பாத்திரங்களைக் கடக்கும்போது காற்று சுழல்கிறது, தீயின் பரப்பு கசங்கி விரிகிறது, எரியும் வேகம் பல மடங்காகிறது. கதவு ஜன்னல்கள் பெயர்ந்து விழுவது அதனால்தான்.

ஹைட்ரஜன் இன்னும் பொல்லாதது. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் பசுமை ஹைட்ரஜன் மையங்கள் அமைக்க 2023-24 கேரள பட்ஜெட் அறிவித்ததால், இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் மூலக்கூறு மிகச் சிறியது. தீயின் பரப்பு எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மற்ற வாயுக்களை முந்திக்கொண்டு சேரும். அந்த இடம் கூடுதலாக எரிந்து மேலும் புடைக்கும். ஆகவே ஹைட்ரஜன் குறைவாக உள்ள கலவைகூட, காற்று சுழலும் இடத்தில் எதிர்பார்த்ததைவிட மூர்க்கமாக எரியும். மணமும் கிடையாது, பகலில் அதன் தீ கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. மூக்கை நம்ப முடியாது, கசிவை உணரும் கருவி வேண்டும் என்று குடியிருப்போர் சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும்.

வீட்டில் கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு 1906-ஐ அழையுங்கள். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கூரையடியில் தங்கும். அது வெளியேற, உயரத்தில் உள்ள ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: பதிவு பெற்ற எல்பிஜி வாடிக்கையாளருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டாமலே காப்பீடு உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் பாலிசியில் விபத்து மரணத்துக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவான முகவரியில் நேர்ந்த பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை கிடைக்கும். ஏஜென்சி தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். விபத்து நடந்த உடனே எழுத்தில் தெரிவித்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்; போலீசிலும் பதிவு செய்யுங்கள். முகவரி மாறியிருந்தால் இன்றே திருத்துங்கள்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் பரிசோதனைக் கெடு பொறித்திருக்கும். ஏ முதல் டி வரையிலான எழுத்து காலாண்டு, அடுத்த எண் ஆண்டு. கெடு தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பலாம். எடை போட்டுக் காட்டச் சொல்லவும் உரிமை உண்டு. மறுத்தாலோ, சேவைக் குறைவால் சேதம் வந்தாலோ, 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.